பீட் சீகரிடம் அப்படி என்னதான் இருக்கிறது? (பாஞ்சோ இழை)

மீட்டல் எழுதியது:

போன மாதம் ஒரு பழைய பாஞ்சோ வாங்கினேன். பழைய வாத்தியங்கள் விற்கும் ஒரு கடையில் சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள். பிரடைகளில் துரு, கழுத்தில் ஒரு கீறல். ஆனால் தட்டிப் பார்த்தால் கணீரென்றது. ஐம்பது வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

யூடியூபில் எந்தப் பாஞ்சோ பாடத்தைத் திறந்தாலும், கீழே ஒரு பெரியவர் வந்து “நான் தொடங்கியது பீட் சீகரால்தான்” என்று எழுதியிருக்கிறார். அவரை நேரில் பார்த்திராதவர்களும் அதையே சொல்கிறார்கள். நானும் நாலு நாள் உட்கார்ந்து அந்த அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் சீகரைக் கேட்டேன். குரல் நன்றாக இருக்கிறது, பாட்டில் ஒரு நேர்மை தெரிகிறது. ஆனால் வாசிப்பு? இன்னொரு பாஞ்சோக்காரர் எர்ல் ஸ்க்ரக்ஸைக் கேட்டால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டுகிறது. சீகரைக் கேட்டால் பள்ளிக்கூட வாத்தியார் கரும்பலகையில் நிறுத்தி நிறுத்தி எழுதுவது போல இருக்கிறது. இவரைப் பிடித்துக்கொண்டா இரண்டு மூன்று தலைமுறை வாசிக்கக் கற்றது? எனக்குத்தான் காது போதவில்லையா?

அப்புறம் ஒரு சின்னச் சந்தேகம். பாடங்களில் எல்லோரும் ஐந்தாவது தந்தி, ஐந்தாவது தந்தி என்கிறார்கள். என்னுடையதில் நாலுதான் இருக்கிறது. கடைக்காரர் “ஒண்ணு குறைஞ்சா கத்துக்கச் சுலபம்தானே சார்” என்றார்.

---

வேகவிரல் எழுதியது:

உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது.

பாஞ்சோ என்றதும் இன்று உலகத்துக்கு நினைவு வரும் சத்தம் ஸ்க்ரக்ஸ் கொடுத்தது. 1924இல் வட கரோலினாவில் பிறந்தவர். இளம் வயதில் நூல் மில்லில் வேலை பார்த்தார். 1945 டிசம்பரில் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்தார். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் பிக் (தந்தியைச் சுண்டும் செயற்கை நகம்) மாட்டிக்கொண்டு, ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லாமல் உருட்டுவார். அவருக்கு முன்பும் அந்தப் பக்கத்தில் மூன்று விரலால் வாசித்தவர்கள் உண்டு, ஸ்னஃபி ஜென்கின்ஸ் போல. ஆனால் அதை ஒரு குழுவின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது இவர். 1949 டிசம்பரில் பதிவான ‘ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்’ கேளுங்கள். அதற்குப் பிறகு பிறந்த எந்தப் பாஞ்சோக்காரரும் அந்த இரண்டே முக்கால் நிமிடத்தைத் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது.

சீகருக்குக் கிடைத்த பெயர் பெரும்பாலும் அரசியலால் வந்தது. போராட்டப் பாட்டு, விசாரணை, தடை. மரியாதைக்குரிய மனிதர், மறுக்கவில்லை. விரல் கணக்கில் பார்த்தால் இரண்டாம் வரிசைதான்.

நாலு தந்தி விஷயம்: ஐயா, நீங்கள் வாங்கியது டெனர் பாஞ்சோ. அது வேறு வாத்தியம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

---

பழையபேப்பர் எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டைப்ரைட்டர் மாதிரி கட்டைகளை ஒரு கையால் அமுக்கி, மறு கையால் தந்தியைச் சுண்டி வாசிப்பார்களே, அதுதானே பாஞ்சோ? எங்கள் மாமா வைத்திருந்தார். சினிமாப் பாட்டெல்லாம் அச்சு அசலாக வரும்.

---

வேகவிரல் எழுதியது:

அது புல்புல்தாரா. மும்பைப் பக்கம் அதையும் பாஞ்சோ என்றுதான் சொல்வார்கள், குழப்பம் நியாயமே. அதன் பூர்வீகம் ஜப்பான். 1912இல் நகோயாவில் உருவான டைஷோகோட்டோ என்ற வாத்தியம் கப்பலேறி இங்கே வந்து பேர் மாறியது. இங்கே பேசுவது கஞ்சிரா மாதிரி வட்டமான தோலும் அதன் மேல் நீளக் கழுத்தும் உள்ள அமெரிக்க வாத்தியம். மாமாவின் புல்புல்தாரா இன்னும் இருக்கிறதா? தனி இழை தொடங்குங்கள்.

---

ஹட்சன்கரை எழுதியது:

மீட்டல் சார், “பள்ளிக்கூட வாத்தியார்” என்று கிண்டலாக எழுதினீர்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது.

நான் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் நதிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். சீகர் வாழ்ந்த பீக்கன் ஊர் இங்கிருந்து அரைமணி நேரம். அதனால் என் பேச்சில் கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

அவர் மலைக்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. அப்பா சார்ல்ஸ் சீகர் இசை ஆய்வாளர், அம்மா வயலின் கலைஞர். பள்ளியில் ஜாஸ் குழுவில் நாலு தந்தி டெனர் பாஞ்சோதான் வாசித்தார் (கேட்டுக்கொள்ளுங்கள், உங்களுடைய அதே வாத்தியம்). 1936இல், பதினேழு வயதில், அப்பாவோடு வட கரோலினாவின் ஆஷ்வில் பக்கம் ஒரு நாட்டுப்புற ஆட்ட விழாவுக்குப் போனார். அங்கேதான் ஐந்து தந்தி பாஞ்சோவை முதன்முதலில் சரியாகக் கேட்டார். இரண்டு வருடத்தில் ஹார்வர்ட் படிப்பை விட்டுவிட்டு அதன் பின்னால் போய்விட்டார். நகரத்துப் பையன் என்பதால் எதுவும் தானாக வரவில்லை. யார் யாரோ திண்ணையில் வாசித்ததைப் பார்த்து, “அந்தக் கட்டைவிரல் எங்கே போகிறது, இன்னொரு தரம் காட்டுங்கள்” என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. அதனால்தான் அவரால் அதை இன்னொரு வெளியாளுக்குப் பிரித்துச் சொல்ல முடிந்தது. பிறவியிலேயே வந்தவனுக்கு அது முடியாது. நீச்சல் தெரிந்த மீனிடம் நீச்சல் கேட்க முடியுமா?

1948இல் ஐந்து தந்தி பாஞ்சோ வாசிப்பது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து விற்றார். நம் ஊரில் அந்தக் காலத்தில் தொழிற்சங்க நோட்டீஸ் வருமே, கிட்டத்தட்ட அந்தத் தரம்தான். அதில் முதலில் வரும் அடிப்படை மீட்டு இப்படி: சுட்டுவிரல் ஒரு தந்தியை மேல்நோக்கிச் சுண்டும். அடுத்து மோதிரவிரலோ நடுவிரலோ நகத்தால் எல்லாத் தந்திகளையும் கீழ்நோக்கித் தடவும். தடவிய கை மேலே வருவதற்குள் கட்டைவிரல் அந்தக் குட்டை ஐந்தாம் தந்தியில் விழும். தாம் தக, தாம் தக, அவ்வளவுதான். ஐந்தாவது தந்தி எப்போதும் ஒரே சுரம். வீணையில் பக்கத்தில் ஓடும் தாளத் தந்திகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாலையில் கை பிடித்துக்கொள்ளும். பிடித்த அன்றே ஒரு பாட்டுக்கு உடன் வாசிக்கலாம். மீதியை வாழ்நாள் முழுக்கக் கற்கலாம்.

தந்தி அதிர்ந்துகொண்டிருக்கும்போது இடக்கை விரலால் குத்தி அடுத்த சுரத்தை எழுப்புவது ‘ஹாமர் ஆன்’, இழுத்துவிட்டுக் கீழ்ச் சுரத்தை எழுப்புவது ‘புல் ஆஃப்’. இன்று கிதார் தொட்ட எந்தப் பையனும் இந்த வார்த்தைகளைச் சொல்வான். உத்தி பழையது. ஆனால் இந்தப் பெயர்களை வைத்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது சீகரை.

தடை பற்றி வேகவிரல் சொன்னார். அதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1950இல் அவருடைய வீவர்ஸ் குழுவின் ஒரு பாட்டு பதின்மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. பிறகு கம்யூனிஸ்ட் வேட்டை. வானொலியும் தொலைக்காட்சியும் கதவைச் சாத்தின. 1955 ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று, யாரோடு சேர்ந்து பாடினேன் என்பதையெல்லாம் சொல்ல மாட்டேன் என்றார். 1961இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் ரத்து. இடைப்பட்ட காலத்தில் பிழைப்புக்கு என்ன செய்தார்? கல்லூரி கல்லூரியாக, கோடை முகாம் முகாமாகப் போய் வாசித்தார். பெரியவர்களின் மேடையை மூடிவிட்டுப் பிள்ளைகளிடம் அனுப்பிவைத்தார்கள். தடுத்தவர்களுக்கு இது தோன்றவே இல்லை போல. 1960களில் கிதாரும் பாஞ்சோவுமாகக் கிளம்பிய கூட்டத்தில் பாதிப்பேர் அந்த முகாம்களில் தரையில் உட்கார்ந்து கேட்டவர்கள்.

சங்கிலியைப் பாருங்கள். கிங்ஸ்டன் ட்ரையோவின் டேவ் கார்ட் சீகர் புத்தகத்தில் கற்றவர். கிங்ஸ்டன் ட்ரையோ 1958இல் ‘டாம் டூலி’ பாடி நாட்டையே புரட்டியது. அந்தக் குழுவின் ஒரு பாட்டில் வந்த பாஞ்சோவைக் கேட்டு 1963இல் வாத்தியத்தைத் தொட்டவர் டோனி ட்ரிஷ்கா. அவரிடம் கற்றவர் பேலா ஃப்ளெக். ஃப்ளெக்கின் வாசிப்பில் சீகரின் ஒரு சுரத்தைக்கூட நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஊற்று அங்கே இருக்கிறது.

---

வேகவிரல் எழுதியது:

> ஊற்று அங்கே இருக்கிறது

ஃப்ளெக்கைப் பற்றிப் பாதிக் கதைதான் சொன்னீர்கள். சிறுவனாக இருக்கும்போது அவரைக் கட்டிப்போட்டது ‘பெவர்லி ஹில்பில்லீஸ்’ தொடரின் தலைப்புப் பாட்டு. அதில் வாசித்தது யார்? ஸ்க்ரக்ஸ். புத்தகம் யாரும் எழுதலாம் சார். உள்ளே தீ வைப்பது ஒரு சத்தம்.

---

ஹட்சன்கரை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அந்தத் தீ ஸ்க்ரக்ஸ் வைத்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஸ்க்ரக்ஸ் பெயரில் 1968இல் ஒரு பாடப்புத்தகம் வந்தது. அவர் வாசித்ததையெல்லாம் சுரம் சுரமாக எழுதியது யார்? பில் கீத். பாஸ்டன்காரர், 1963இல் பில் மன்ரோ குழுவில் வாசித்தவர், பின்னால் தன் பெயரிலேயே ஒரு பாணி உண்டாக்கியவர். அவர் பாஞ்சோ தொடங்கியது சீகர் புத்தகத்தை வைத்துத்தான். தந்திக்கு ஒரு கோடு போட்டு, எந்த மெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் கம்பி) விரல் என்று எண் எழுதும் டேப் முறையையும் அங்கிருந்துதான் பிடித்தார். உங்கள் தலைவரின் ஆலங்கட்டி மழையைப் பாத்திரத்தில் பிடித்தவர் எங்கள் வாத்தியாரின் மாணவர்.

இன்னொன்றும் உண்டு. சீகர் தன் புத்தகத்தின் பிந்திய பதிப்பில் ஸ்க்ரக்ஸ் பாணிக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். தன்னைவிட நன்றாக வாசிப்பவன் இன்னார், அவனிடம் போ என்று சொல்லும் வாத்தியார் எத்தனை பேர்?

---

வேகவிரல் எழுதியது:

கீத் விஷயம் எனக்குத் தெரிந்ததுதான், சீகரோடு சேர்த்து யோசித்ததில்லை. ஒரு புள்ளி உங்களுக்கு.

---

தோல்கருவி எழுதியது:

மதுரைப் பக்கம் ஒரு குழுவில் பறை அடிக்கிறேன். பாஞ்சோ வாசிக்கத் தெரியாது. ஆனால் அதன் தோலைப் பற்றித் தெரியும். 1950களின் கடைசியில் பிளாஸ்டிக் வரும்வரை எல்லாப் பாஞ்சோவும் தோல்தான். ஈரக்காற்று பட்டால் தொய்ந்து சத்தம் பொத்தென்று விழும். நாங்கள் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்கொள்கிறோம். அவர்கள் விளிம்பில் இருக்கும் மரைகளைத் திருகி இழுத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் இரண்டு பேரும் சீகரா ஸ்க்ரக்ஸா என்று சண்டை போடுகிறீர்கள். இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள். வாத்தியம் யாருடையது?

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா, செனகல் பக்கம் ஜோலா மக்களிடம் அகோண்டிங் என்று ஒன்று இருக்கிறது. சுரைக்குடுக்கை, அதன் மேல் ஆட்டுத்தோல், குச்சிக் கழுத்து, மூன்று தந்தி. அதில் ஒன்று குட்டை, கட்டைவிரலுக்கு உரியது. சுட்டுவிரல் நகத்தால் கீழ்நோக்கி அடித்துவிட்டுக் கட்டைவிரலால் குட்டைத் தந்தியைத் தொடுகிறார்கள். ஹட்சன்கரை சொன்ன “தாம் தக” அங்கேயே இருக்கிறது. டேனியல் ஜட்டா என்ற காம்பியர் பல ஆண்டுகள் இதைத் தேடி உலகுக்குக் காட்டினார். அடிமைக் கப்பலில் வந்த மக்கள் தோட்டங்களில் திரும்பச் செய்துகொண்ட வாத்தியம்தான் பாஞ்சோ. அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பரைக் கேலி செய்யும் மேடையில் அதையே வாசித்தார்கள். தன்னைக் கேலி செய்த வாத்தியத்தை ஒருவன் எத்தனை நாள் கையில் வைத்திருப்பான்? மெல்ல மெல்லக் கீழே வைத்துவிட்டார்கள்.

இது எனக்குப் புதுக்கதை இல்லை. எங்கள் தாத்தா காலத்தில் பறையைத் தொடமாட்டேன் என்று சொன்னதே மானத்தின் அடையாளமாக இருந்தது. பேரன்கள் வந்துதான் திரும்ப எடுத்தோம்.

வீவர்ஸின் அந்தப் பதின்மூன்று வாரப் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அது லெட்பெல்லி என்ற கறுப்பினப் பாடகரிடமிருந்து கற்றது. அவர் 1949 டிசம்பரில் செத்துப்போனார். பாட்டு உச்சிக்குப் போனது 1950 கோடையில். ‘விமோவே’ என்று அவர்கள் பாடியது தென்னாப்பிரிக்காவின் சாலமன் லிண்டா 1939இல் பதிவு செய்த பாட்டு. மூலச் சொல்லைத் தவறாகக் காதில் வாங்கி அதையே பாடினார்கள். சீகர் பிறகு லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பினார் என்பது உண்மை. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார் என்பதும் உண்மை.

நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. “எல்லாம் இவரிடமிருந்து” என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

---

ஹட்சன்கரை எழுதியது:

தோல்கருவி தோழர், இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. “ஊற்று” என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீகரின் தம்பி மைக் சீகருக்கே (மாற்றாந்தாய் மகன்) அண்ணனின் வழியில் முழு உடன்பாடு இல்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். பீட் எல்லாப் பாட்டையும் தன் கைக்கு ஏற்றபடி எளிதாக்கிப் பந்தி வைத்தார். மைக் அப்படியில்லை. யார் எப்படி வாசித்தாரோ அதே விரல், அதே சுருதி. 1927இல் இசைத்தட்டு கொடுத்துவிட்டுச் சுரங்க வேலையோடு ஒதுங்கிப்போன டாக் பாக்ஸை 1963இல் வர்ஜீனியாவுக்குப் போய்த் தேடிப் பிடித்தவர் மைக். அந்தக் கிழவரின் வாசிப்பைக் கேளுங்கள் மீட்டல் சார், வேகம் கிடையாது, ஆனால் முதுகுத்தண்டு சில்லிடும்.

இருந்தாலும் பீட்டுக்காக ஒன்று. 1965, 66இல் நியூயார்க் பக்கத்துச் சின்னத் தொலைக்காட்சி ஒன்றில் ‘ரெயின்போ குவெஸ்ட்’ என்று 39 நிகழ்ச்சி நடத்தினார். சமையலறை மேசை மாதிரி ஒரு மேசை, இரண்டு நாற்காலி. எதிரில் மிசிசிப்பி ஜான் ஹர்ட், எலிசபெத் காட்டன், ராஸ்கோ ஹால்கம் என்று பழைய நாட்டுப்புறக் கலைஞர்கள். பீட் பெரும்பாலும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். “அதை மெதுவாகக் காட்டுங்களேன்” என்பது போன்ற முகம். இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகள் ஹால்கத்தின் கையை உற்றுப் பார்க்க முடிகிறதென்றால், அன்று அந்த கேமரா முன் அவரை உட்காரவைத்ததும் ஒரு காரணம்.

---

ஸ்காபரோமழை எழுதியது:

இரண்டு நாளாய் வாசித்துக்கொண்டிருக்கிறேன், கணக்கு இன்றுதான் திறந்தேன்.

நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது டொரோண்டோ. மகளுக்குப் பதினாறு வயது. கையா கேட்டர் என்று ஒரு பாடகி, கிரெனடாவில் வேர் உள்ள கனேடியப் பெண், மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய்ப் பாஞ்சோ படித்தவர். அவருடைய பாட்டைக் கேட்டுவிட்டு இவளும் ஒன்று வாங்கித் தரச் சொன்னாள். பிறகு கறுப்பினப் பாஞ்சோக் கலைஞர் ரியானன் கிடன்ஸ். தோல்கருவி அண்ணை எழுதியதைப் படித்ததும் அவரைப் பற்றித்தான் சொல்ல நினைத்தேன். 2005இல் வட கரோலினாவின் பூன் ஊரில் கறுப்பினப் பாஞ்சோக்காரர் கூடிய ஒரு சந்திப்பு நடந்தது. அங்கே சந்தித்த இளைஞர்கள் சேர்ந்து கரோலினா சாக்லேட் டிராப்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் கிடன்ஸும் டாம் ஃப்ளெமன்ஸும் ஜஸ்டின் ராபின்சனும் வியாழக்கிழமை தோறும் மெபன் ஊரில் ஜோ தாம்ப்சன் வீட்டுக்குப் போவார்களாம். அவருக்கு எண்பத்தாறு, எண்பத்தேழு வயது, பிடில் வாசிப்பவர். கூடப் பாஞ்சோ வாசித்த ஒடெல் என்ற ஒன்றுவிட்ட சகோதரர் 1994இலேயே காலமாகிவிட்டார். அந்தப் பாஞ்சோவின் இடத்தில் இந்தப் பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். இன்றைக்கு பியான்சேயின் பாட்டிலேயே கிடன்ஸின் பாஞ்சோ கேட்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. நேற்று இந்த இழையை மகளிடம் காட்டி, “உனக்குப் பீட் சீகரைத் தெரியுமோ” என்று கேட்டேன். “அவர் ஆர், அப்பா?” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்து அறைக்குள்ளிருந்து தோழியோடு வீடியோவில் பேசுவது கேட்கிறது: “இல்லையடி, அதிலை ஹாமர் ஆன், பிறகு உடனே புல் ஆஃப்.”

---

ஹட்சன்கரை எழுதியது:

ஸ்காபரோமழை, உங்கள் கடைசி வரிக்காக நான் முதல் நாள் எழுதிய அத்தனையையும் அழித்துவிடலாம்.

---

லிஃபிநதி எழுதியது:

மீட்டல் அண்ணா, திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லையென்றால் தயவுசெய்து நிறுத்துங்கள்!

நான் டப்ளினில் செவிலியாக இருக்கிறேன். இங்கே யாரிடமாவது பாஞ்சோ என்று சொன்னால் அவர்கள் மனதில் வருவது நாலு தந்திதான். அதற்குக் காரணம் பார்னி மக்கென்னா. 1939இல் டப்ளினில் பிறந்தவர். சின்ன வயதில் ஆசைப்பட்டது மாண்டலின். வாங்கக் காசில்லை, பாஞ்சோ கிடைத்தது. 1962இல் மெரியன் ரோவில் ஓடானஹூஸ் மதுக்கடையில் கூடிப் பாடிய நண்பர்கள் டப்ளினர்ஸ் குழுவானபோது அதில் இருந்தார். 2012 ஏப்ரல் 5ஆம் தேதி இறக்கும்வரை, ஐம்பது ஆண்டு, அதே குழு.

டெனர் பாஞ்சோவுக்கு வழக்கமான சுருதி சி ஜி டி ஏ. ஜாஸ் குழுவில் பின்னணி கார்டு (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) அடிக்க அது போதும். மக்கென்னா வாசித்தது ஜி டி ஏ ஈ, வயலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே. இதனால் என்ன ஆயிற்று? ஐரிஷ் இசையில் பிடிலுக்கென்றே உருவான நூற்றுக்கணக்கான ஆட்டமெட்டுகள் அதே விரலில் பாஞ்சோவுக்கும் வந்துவிட்டன. ஓரமாக உட்கார்ந்து தாளம் தட்டிக்கொண்டிருந்த வாத்தியம் பிடிலோடு தோளோடு தோள் நின்று மெட்டு வாசித்தது. அவருக்கு முன்னும் ஆட்கள் உண்டு, 1920களில் நியூயார்க்கில் ஃப்ளனகன் சகோதரர்கள் இருந்தார்கள். ஆனால் இன்று அயர்லாந்தில் ஒரு குழந்தைக்குப் பாஞ்சோ வாங்கிக் கொடுத்தால் ஆசிரியர் யோசிக்காமல் ஜி டி ஏ ஈ என்றுதான் கூட்டிக் கொடுப்பார். ஏன் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. மகள் சொன்ன ஹாமர் ஆன் போலத்தான். ஜெரி ஓகானர், கால்வேயின் வீ பாஞ்சோ 3 குழுவின் என்டா ஸ்காஹில், இவர்கள் மக்கென்னாவைவிடச் சுத்தமாக, வேகமாக வாசிக்கிறார்கள். எல்லோரும் அந்தச் சுருதிக்குள்தான் வாசிக்கிறார்கள்.

இப்போது உங்கள் வேலை. கடையில் போட்டிருக்கும் தந்தியை அப்படியே ஜி வரை இறக்காதீர்கள். தொளதொளவென்று மெட்டில் மோதி இரையும். கனமான தந்தி, ‘ஐரிஷ் டெனர்’ என்று கேட்டு வரவழையுங்கள். மாற்றும்போது நாலையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம், குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) ஒட்டியிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. கழற்றினால் சரிந்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அப்புறம் பன்னிரண்டாவது மெட்டில் விரலை லேசாக வைத்து எழும் சுரமும், அமுக்கி எழும் சுரமும் ஒன்றாக இருக்கும்வரை குதிரையை நூலளவு முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

---

வேகவிரல் எழுதியது:

“திருப்பிக் கொடுத்துவிடுங்கள்” என்று எழுதிய ஆள் நான்தான். வாபஸ்.

2012ஐ நினைத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் ஜோ தாம்ப்சன், மார்ச் 28 ஸ்க்ரக்ஸ், எட்டு நாள் கழித்து மக்கென்னா. சீகர் மட்டும் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தார், 2014 ஜனவரியில் போனார், தொண்ணூற்று நான்கு வயது.

---

தோல்கருவி எழுதியது:

ஹட்சன்கரை, வாய்க்கால் என்று சொன்னது பிடித்தது. கிடன்ஸ் வாசிப்பது 1858ஆம் ஆண்டின் ஒரு பாஞ்சோவைப் பார்த்துச் செய்த நகல் என்று படித்தேன். மெட்டே கிடையாது, வழவழவென்ற கழுத்து. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எங்கள் குழுப் பையன் ஒருவன் “இது பெரிய மோளத்துல கம்பி கட்டுன மாதிரி இருக்கு” என்றான். ஆளுக்கு ஆள் காது எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

---

மீட்டல் எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். தந்தி வர எட்டு நாள் ஆயிற்று.

லிஃபிநதி தங்கச்சி சொன்னபடி ஒவ்வொன்றாக மாற்றினேன். மூன்றாவது தந்தியில் அவசரப்பட்டேன், குதிரை விழுந்தது, மறுபடி முதலிலிருந்து. ஜி டி ஏ ஈ கூட்டியாகிவிட்டது. மேல் வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு, மேற்கத்திய வயலின் கற்கிறாள். சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். கையில் வாங்கி, இரண்டு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு, வகுப்பில் படித்த ஒரு மெட்டைத் தடுமாறாமல் வாசித்தாள். “அங்கிள், இது வயலின்தான், வில்தான் இல்ல” என்றாள். எனக்கு இன்னும் ஒரு வரிகூட வரவில்லை, கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

சீகரையும் திரும்பக் கேட்டேன். இந்தத் தடவை 1955இல் வந்த ‘கூஃபிங் ஆஃப் சூட்’ தட்டு. பாகும் பீத்தோவனும் பாஞ்சோவில். வாத்தியார் என்றேனே, அது வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் தனியாக வாசித்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. ஸ்க்ரக்ஸைவிடப் பெரியவர் என்று இப்போதும் சொல்லமாட்டேன், வேகவிரல் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒரு உதவி. கடைசித் தந்தியில் மூன்றாவது மெட்டை அமுக்கினால் மட்டும் ஒரு இரைச்சல். இரண்டிலும் நாலிலும் இல்லை. குதிரையா, மெட்டா?

---

வேகவிரல் எழுதியது:

நாலாவது மெட்டு கொஞ்சம் மேலே எழும்பியிருக்கும். நேரான ஸ்கேல் ஒன்றை மூன்று, நான்கு, ஐந்து மெட்டுகளின் மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் அதுதான். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.